காற்றில்லாத மேசை

பேர்னிஸ் அந்த ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே காத்தான்குடிக்குப் போனாள். வாங்கி அதிக நாளாகவில்லை. வயர், பட்டி, கண்ணாடி துடைக்கிற துணி எல்லாம் வந்தபடியே பெட்டிக்குள் இருந்தன. பெட்டியைப் பஹ்மியின் கடை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"தம்பி, இது பிழையான சாமான். பந்து நீளமாப் போகுது."

"எவ்வளவு நீளம் அக்கா?"

"ஒரு சாண். எப்பிடி அடிச்சாலும் மேசையத் தாண்டி ஒரு சாண் போய்த்தான் விழுகுது."

பஹ்மி கைத்தொலைபேசியும் கணினிச் சாமானும் விற்கிறவன். வி.ஆர். மேசைப்பந்தில் கிழக்கு மாகாணத்திலே தன்னை வெல்ல ஆளில்லை என்று அவனே சொல்வான். மற்றவர்களும் அதை மறுப்பதில்லை. ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே ஒரு மண்டபம் வரும். மேசையும் வலையும் வரும். எதிரில், உலகத்தில் எங்கோ தன் வீட்டில் நிற்கிற ஒருவரின் தலையும் மட்டையும் மட்டும் வரும். உடம்பு இராது. கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர்தான் மட்டை. பந்து படும்போது அது உள்ளங்கையில் துடிக்கும்.

"மேல வாங்க, அடிச்சுக் காட்டுங்க," என்றான் பஹ்மி.

கடையின் மேல்தளத்தில் அவன் விளையாடுகிற அறை இருந்தது. பேர்னிஸ் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பந்து வீசுகிற இயந்திரத்துக்கு எதிராக அடித்தாள். பந்து மேசையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பின்கையால் அடித்தாள், வெட்டினாள், சுழற்றினாள். எல்லாம் நினைத்த இடத்திலேயே விழுந்தன. ஹெட்செட்டைக் கழற்றியபோது அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"சாமான் நல்லாத்தான் இரிக்கி. உங்கட வீட்டிலதான் என்னமோ இரிக்கி அக்கா. ஃபாதரக் கூட்டி வந்து தண்ணி தெளிச்சுப் பாருங்க."

"பகிடி விடாத."

"பகிடி இல்ல. நீங்க இப்ப அடிச்ச மாதிரி அடிச்சா, நான் தேடுற ஆள் நீங்கதான்." அப்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். இணையத்திலேயே நடக்கிற தெற்காசிய லீக் ஒன்றுக்கு, கிழக்கிலிருந்து நான்கு பேர் கொண்ட அணியை அவன் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனும், கல்முனை றிப்ஷானும், திருகோணமலையில் ஓர் ஆசிரியருமாக மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு ஆடிக் கடைசியில் ஒரு தெரிவு ஆட்டம் வைக்கப் போகிறான்.

"பொம்பிளையும் வரலாமா?" என்று பேர்னிஸ் கேட்டாள்.

"அங்க தலையும் மட்டையும்தானே தெரியிது. தலைக்கு ஆம்பிள பொம்பிள இரிக்கா?"

அவள் பெட்டியை மூடித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை. மட்டக்களப்பு நகரத்தில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தவள் பேர்னிஸ். தகப்பன் கொன்ராட் தொடங்கிய பட்டறையை இப்போது அவளும் அண்ணன் பிரட்லியும் நடத்துகிறார்கள். வாசல் படலை, ஜன்னல் கம்பி, படகு எஞ்சினுக்கான சின்னச் சின்ன உறுப்புகள் எல்லாம் அங்கே செய்யப்படும். பிரட்லி இரும்பு ஒட்டுவேலை, பேர்னிஸ் கடைசல் மெசின். வேலை முடிந்ததும் கையில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு, வாவிக்கரையில் இருக்கும் தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்குப் போவாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அங்கே ஒரு மேசைப்பந்து மேசை உண்டு. அந்த மேசையில் அவளை வென்ற ஆண்கள் சிலர் உண்டு. தொடர்ந்து வென்றவர் யாருமில்லை.

ஆனால் எந்த அணியிலும் அவள் ஆடியதில்லை. மாவட்டப் பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். ஒரு வருடமும் மூன்று பேர் சேரவில்லை. ஒருமுறை சேர்ந்தார்கள், போட்டிக்கு முந்திய கிழமை அதில் ஒருத்திக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆண்கள் அணிக்கு அவளை எடுக்க முடியாது. அவள் தோற்கடித்த ஆண்கள் கொழும்புக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்து, அங்கே மேசை எவ்வளவு நல்லது என்று அவளிடம் சொல்வார்கள். அவள் மட்டையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். முப்பத்தாறு வயதாகியும் தன் பெயருக்கு முன்னால் ஓர் அணியின் பெயரை அவள் கேட்டதில்லை. பஹ்மியின் நான்காவது இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

பட்டறையின் பின்னாலுள்ள சாமான் அறையை ஒதுக்கி அங்கே ஆடத் தொடங்கினாள். கன்ட்ரோலரின் பிளாஸ்டிக் பிடி கைக்கு ஒவ்வவில்லை. மரப்பிடி ஒன்றைக் கடைந்து அதில் பொருத்தினாள். தன் சொந்த மட்டையை ஒரு கையிலும் இதை மறு கையிலும் பிடித்து நிறை பார்த்து, பிடிக்குள் ஈயத் துண்டு வைத்து, திரும்பக் கழற்றிக் கொஞ்சம் அராவி, இரண்டும் ஒன்றென்று கை சொல்லும்வரை விடவில்லை.

ஹெட்செட்டுக்குள் மேசைக்கு வருகிற மனிதர்களைப் பழகுவதற்குத்தான் அதிக நாள் எடுத்தது. சிலர் வந்ததும் மட்டையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னார்கள். சிலர் ஒரு வார்த்தை பேசாமல் அடித்து, வென்றதும் மறைந்தார்கள். ஒருவருடைய வீட்டில் நாய் குரைத்தது. ஒருவருடைய மூச்சு இளைத்தது. இலங்கையிலிருந்து சமிக்ஞை போய்வரச் சிறு தாமதம் உண்டு என்பதைக் கண்டதும் ஆடாமலே ஓடுகிறவர்கள் இருந்தார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கடைசிப் புள்ளிக்கு முன்னர் இணைப்பை வெட்டிவிடுகிறவர்களும் இருந்தார்கள். அப்படி வெட்டினால் ஆட்டம் செல்லாது. அவர்களுடைய தரப்புள்ளி குறையாது. மேசை வெறும் படம்தான் என்பதால் அதற்குள் இடுப்புவரை புகுந்து, வலைக்குப் பக்கத்தில் விழும் சின்னப் பந்தையும் அடித்துவிடுகிறவர்கள்தான் மிக அதிகம்.

பேர்னிஸ் அப்படிப் புகவில்லை. பந்து வலையோரம் விழுந்தால் மேசையின் மூலையைச் சுற்றிக் காலை வைத்துக் கையை நீட்டினாள். எட்டாவிட்டால் விட்டாள். பிரட்லி ஒருநாள் வாசலில் நின்று, வெறும் அறைக்குள் தங்கை எதையோ சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்தான்.

"எல்லாரும் மேசைக்குள்ளால பூந்து அடிக்கிறாங்களாம், பஹ்மி சொன்னான். நீ ஏன்கா சுத்திப் போறாய்?"

"மேசை இருக்கே."

"எங்க இருக்கு?"

"பந்து பட்டுத் துள்ளுதுதானே. அப்ப இருக்கு."

"விசர்தான் உனக்கு," என்றுவிட்டு அவன் போனான்.

ஆனால் பந்து இன்னமும் நீளமாகவே போய்க்கொண்டிருந்தது. சில ஆட்டக்காரர்கள் அதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். அவளுடைய வேகப்பந்து வரும்போது மட்டையை இழுத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பந்து வெளியே போய் விழுந்தது.

பட்டறையில் ஓர் உறுப்பு சரியாகப் பொருந்தாவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணமென்று தெரியாது. பேர்னிஸ் அப்படியே செய்தாள். மரப்பிடியைக் கழற்றிவிட்டு ஆடினாள்: நீளம். செருப்புப் போட்டு ஆடினாள், கழற்றி ஆடினாள்: நீளம். கதவைச் சாத்தினாள், விளக்கை மாற்றினாள். பந்தைக் கீழே விட்டு அது துள்ளுகிற உயரத்தை மண்டபத்து மேசையில் பந்து துள்ளும் உயரத்தோடு ஒப்பிட்டாள். வித்தியாசமில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

கடைசியில் மாற்றாமல் இருந்தது ஒன்றுதான். அறைக்குள் இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்ததால், அவள் எப்போதும் பின்கதவைப் பார்த்தபடியே ஆடினாள். குழாய்களை ஒதுக்கி, மறுபக்கம் திரும்பி நின்று, ஹெட்செட்டுக்குள் இருக்கும் மேசையையும் அந்தப் பக்கமாக எடுத்து வைத்து அடித்தாள்.

பந்து வலைக்குள் விழுந்தது. அடுத்ததும் வலைக்குள். எல்லாம் கட்டை.

அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பின்கதவைப் பார்த்தாள். அந்தக் கதவு மேற்கே, வாவியைப் பார்த்திருந்தது.

பங்கு மண்டபமும் அப்படித்தான். மேற்குச் சுவர் முழுவதும் ஓட்டை வைத்த கற்களால் கட்டியது. கோடையில் வாவியைத் தாண்டி வருகிற கச்சான் காற்று அந்தக் கற்களின் வழியே உள்ளே வந்து, மேசையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குப் போகும். மாரியில் அதே ஓட்டைகளால் தூவானம் அடிப்பதால் மேசையை மூடிவிடுவார்கள். ஆகவே அந்த மண்டபத்தில் ஆடியதெல்லாம் காற்றோடு ஆடியதுதான். வாவியைப் பார்த்து நிற்கிறவர் பந்தைக் கொஞ்சம் கூட்டித் தள்ள வேண்டும். வாவிக்கு முதுகு காட்டி நிற்கிறவர் குறைக்க வேண்டும். யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. கை பழகிக்கொள்ளும். பஹ்மியின் கடை மாடியில் எது மேற்கு என்று அவளுக்குத் தெரியாது; அதனால் அங்கே பந்து சரியாக விழுந்தது.

அவள் பஹ்மிக்குக் கோல் எடுத்தாள். "கண்டுபிடிச்சிட்டன். பிழை என்ர கையிலதான். இல்லாத காத்துக்கு அடிச்சுக்கொண்டிருக்கன்."

மறுபக்கத்தில் சிரிக்கத் தொடங்கிய பஹ்மிக்கு நிறுத்த நேரமெடுத்தது. "அல்லாவே! அப்ப லீக்கில ஆடக்கொள்ள கிப்லா பாக்கிற மாதிரித் திசை பாத்தா நிக்கப்போறீங்க?"

"தேவையில்ல. கையத் திருத்தினாச் சரி."

கையைத் திருத்துவது சொல்கிற அளவுக்கு இலகுவாக இருக்கவில்லை. மேற்கைப் பார்த்து நின்றே பழகினாள். மெதுவான பந்துகள் சரிவந்தன. புள்ளிகள் நெருங்கி, யோசிக்க நேரமில்லாமல் அடிக்கும்போது மட்டும் பழைய தள்ளல் திரும்ப வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நான்காவது இடத்தைக் கேட்டு இன்னொருவன் வந்தான். நிலோஜன், பழுகாமம். இருபத்தைந்து வயது. தகப்பனோடு வயல் செய்கிறவன். உண்மையான மேசையில் ஒருநாளும் ஆடியதில்லை. எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளேயே கற்றவன். தரப்புள்ளியில் பஹ்மிக்கு அடுத்தபடியாக இருந்தான். பேர்னிஸும் அவனும் இணையத்தில் பலமுறை ஆடினார்கள். பெரும்பாலும் அவன் வென்றான். அவள் வெல்லப்போன நேரங்களில் அவனுடைய தலையும் மட்டையும் அப்படியே உறைந்து, பின்னர் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "சொறி அக்கா, கரண்ட் போயிற்று."

கரண்ட் போவது இந்தப் பக்கத்தில் புதினமில்லை. யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் அவள் பட்டறையில் அப்போது பழுகாமத்து அன்னப்பூரணி என்பவருக்கு ஒரு படலை செய்துகொண்டிருந்தார்கள். நிலோஜன் மறுபடி மறைந்த ஒரு பின்னேரம் பேர்னிஸ் அவருக்குக் கோல் எடுத்தாள்.

"அக்கா, படலைக்கு என்ன நிறம் அடிக்கிற?"

"போன கிழமையே பச்சை எண்டு சொன்னன்தானே புள்ள."

"ஓம் ஓம். மறந்திட்டன். அங்க கரண்ட் இருக்கா?"

"இருக்கு. நாடகம் பாத்துக்கொண்டிருக்கன். ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான் கேட்டன்."

பிரட்லி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "குழுவில போடு. அவன்ர மானம் போகட்டும்."

"போட்டா என்ன? அவன் வேற காரணம் சொல்லுவான். நான் அவனோட சண்டை பிடிக்க வரல்ல. எனக்கு ஒரு ஆட்டம் முடியவேணும், அவ்வளவுதான்."

அவள் குழுவில் எழுதியது இதுதான்: தெரிவு ஆட்டத்தை இருவரும் ஒரே இடத்திலிருந்து ஆடுவோம். ஒரே றவுட்டர், ஒரே லைன். பங்கு மண்டபத்தை நான் கேட்டு எடுக்கிறேன்.

நிலோஜன் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் ஒரு பெருவிரலைப் போட்டான். பஹ்மி தனியாகக் கோல் எடுத்தான்.

"அக்கா, உங்களுக்கென்ன? அந்த மண்டபத்தில உண்மையான காத்து அடிக்கிமே. காத்து முகத்தில பட, பந்தில காத்து இல்லாம... அவன மடக்கப் போய் நீங்கதான் மாட்டிக்கிறீங்க."

"தெரியும்."

"கடையில வெச்சுக்குவமே?"

"கடையில நான் வெண்டா அது உன்ர கடையில வெண்டது. லீக் நடக்கிறது ஆர்ர வீட்டில? என்ர வீட்டில, கச்சானுக்குள்ள. அங்க நிண்டு அடிக்கத் தெரியாட்டி என்னை எடுத்து என்ன செய்யப்போறாய்?"

"அப்ப றவுட்டர நான் கொண்டு வாறன்," என்றான் பஹ்மி.

எஞ்சியிருந்த நாட்களில் அவள் மண்டபத்திலேயே பழகினாள். காற்று பலமாக இருக்கிற பின்னேரத்தைத் தேடிப் போனாள். மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, வாவியைப் பார்த்து நின்று ஹெட்செட்டை மாட்டினாள். சட்டை உடம்போடு ஒட்டிப் படபடத்தது. கண்முன்னே இருந்த மேசையில் ஒரு தூசிகூட அசையவில்லை. முதல் நாட்களில் பந்து ஒரு சாண் அல்ல, ஒரு முழம் வெளியே போனது. மண்டபத்துக்கு வழமையாக வருகிறவர்கள், மேசை கிடைக்காத எரிச்சலில் சுவரோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பேர்னிஸ், கொசு அடிக்கிறியா?" என்றார் ஒருவர். அவள் திரும்பவில்லை. முதுகுக்குக் காற்றை விட்டு ஆடினாலென்ன என்றும் பார்த்தாள். அது சரிவராது. முகத்தில் பட்டால் காற்று இருப்பது தெரியும், தெரிந்தால் எதிர்க்கலாம். முதுகில் படும் காற்றைக் கை மறந்துவிடுகிறது. ஆகவே முகத்தில் வாங்கினாள். அடிக்குமுன் தோளை ஒருமுறை தளர்த்திக்கொள்வது, பந்தை மேசையின் விளிம்புக்கு அல்ல, அதற்கு ஒரு விரற்கடை உள்ளே பார்ப்பது என்று சின்னச் சின்ன ஒழுங்குகளை வைத்துக்கொண்டாள். பிழைத்த பந்தையே திரும்பத் திரும்ப அடித்தாள்.

தெரிவு நாள் பின்னேரம் பஹ்மி றவுட்டரோடும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடும் வந்தான். ஹெட்செட்டுக்குள் நடப்பதை மற்றவர்கள் அதில் பார்க்கலாம். நிலோஜன் பட்டிருப்புப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மெலிந்த, கூச்சமான பையன். சுவரோரம் இருந்த மேசையைக் கண்டதும் கிட்டப் போய்த் தடவினான்.

"ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டா?"

பிரட்லி மட்டையைக் கொடுத்து மறுபக்கம் நின்று பந்தைப் போட்டான். நிலோஜன் அழகாகக் கையை வீசினான். காற்று தூக்கிய பந்து அவனுடைய மட்டையின் ஓரத்தில் பட்டு எங்கோ போனது. அடுத்ததை அவன் தொடவேயில்லை. மூன்றாவதுக்கு முன்னால் பாய்ந்தவன், வயிறு மேசையில் இடித்து நின்றான்.

"இது என்ன அண்ண," என்றான் வயிற்றைத் தடவிக்கொண்டு, "உண்மை மாதிரியே இல்ல."

மண்டபம் சிரித்தது. பேர்னிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு அவன்மேலிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

தரையில் சோக்கால் இரண்டு சதுரம் கீறினார்கள். பேர்னிஸ் வாவியைப் பார்த்து நின்றாள். ஐந்து செட் ஆட்டம், செட்டுக்குப் பதினொரு புள்ளி. தொடக்கத்திலேயே நிலோஜன் ஏன் தரப்புள்ளியில் மேலே இருக்கிறான் என்பது எல்லாருக்கும் விளங்கியது. வலையோரம் சின்னதாக வைத்த பந்துகளுக்கெல்லாம் அவன் இல்லாத மேசைக்குள் புகுந்து, குனிந்து, மேலிருந்து தட்டினான். பேர்னிஸ் மூலையைச் சுற்றிப் போவதற்குள் புள்ளி போய்விட்டது. முதல் செட் அவனுடையது. இரண்டாவதை அவள் எடுத்தாள், மூன்றாவதை அவன் எடுத்தான். அவன் இடையில் பட்டியைச் சரிசெய்வதாக நின்றான். வியர்வை துடைப்பதாக நின்றான். அவள் ஆயத்தமாகுமுன் பந்தைப் போட்டான். எல்லாம் செய்தான். ஆனால் எல்லாருடைய கண்ணும் தன்மேல் இருந்ததால் இணைப்பை வெட்டவில்லை.

நான்காவது செட்டில் பேர்னிஸ் ஒன்றைக் கவனித்தாள். மேசைக்குள் புகுந்தவன் வெளியே வரவேண்டும். வருவதற்குள் பந்து மேசையின் கடைசியில், அவனுடைய நெஞ்சுக்கு நேரே விழுந்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னப் பந்தைக் கொடுத்து உள்ளே இழுக்க வேண்டும், பின்னர் நீளமாக அடிக்க வேண்டும். நீளமான பந்துதான் அவளுடைய பயம். முதல் இரண்டும் வெளியே போயின. மூன்றாவது விழுந்தது. அதன்பிறகு அவள் அதை விடவில்லை. நான்காவது செட் அவளுடையது.

ஐந்தாவதில் ஒன்பதுக்கு எட்டு என்று அவள் முன்னால் நின்றபோது தொலைக்காட்சி அணைந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல ஓய்ந்தது.

"நான் இல்ல!" ஹெட்செட்டைக் கழற்றாமலே நிலோஜன் கத்தினான். "சத்தியமா நான் ஒண்டும் செய்யல்ல!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிரட்லி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிலோஜன் ஹெட்செட்டைக் கழற்றி, நின்ற விசிறியைப் பார்த்து, பின்னர் தரையைப் பார்த்தான். அவனுடைய காது சிவந்திருந்தது.

"யூபிஎஸ் எங்க?" என்று பிரட்லி கேட்டான்.

"கடை நிறைய அடுக்கி வெச்சிரிக்கன்," என்றான் பஹ்மி. "ஒண்டக் கொண்டுவரத் தோணல்ல."

கரண்ட் வரும்வரை காத்திருந்தார்கள். குழுவின் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: இணைப்புப் போனால் நடந்துகொண்டிருந்த செட் செல்லாது, அதைத் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும். பிரட்லிக்குப் பொறுக்கவில்லை. "ஒம்பதுக்கு எட்டு எண்டு எல்லாரும் பாத்தம்தானே. அதிலேருந்து ஆடினா என்ன?"

பஹ்மி நிலோஜனைப் பார்த்தான். நிலோஜன் மெதுவாகச் சொன்னான், "சட்டம் அப்பிடித்தானே அண்ண இருக்கு."

"இவ்வளவு நாளும் அந்தச் சட்டத்துக்குள்ளதான்டா நீ..."

"அண்ணன், விடு," என்றாள் பேர்னிஸ். அவள் உட்காரவில்லை. சோக்குச் சதுரத்துக்குள்ளேயே நின்று, மட்டை பிடிக்கும் கையை ஆட்டி ஆட்டித் தோளைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தாள். "சட்டம்தான். முதலிலேருந்து வாறன்."

கரண்ட் வந்தபோது காற்று முன்னையைவிடப் பலமாக இருந்தது. வாவியின் தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. புதிய செட்டில் நிலோஜன் வேகமாக முன்னேறினான். அவள் ஒவ்வொரு புள்ளியாகப் பின்னால் போனாள். எட்டுக்கு எட்டாகியது. அவன் ஒன்று எடுத்தான், அவள் ஒன்று எடுத்தாள். பத்துக்கு ஒன்பது, அவள் முன்னால். பந்தைப் போட்டுத் தொடங்கும் முறையும் அவளுடையது.

அவள் பந்தை வலையோரம் சின்னதாகப் போட்டாள். அவன் புகுந்து தட்டினான். அவள் அதையும் சின்னதாகவே திருப்பினாள். அவன் இன்னும் உள்ளே வந்து மெல்லத் தூக்கினான். பந்து உயர்ந்து வந்தது. கச்சான் அவள் முகத்தில் முழுதாக அடித்துக்கொண்டிருந்தது. கை தள்ளு என்றது. அவள் தோளைத் தளர்த்தி, விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே பார்த்து அடித்தாள்.

நிலோஜன் மேசைக்குள்ளிருந்து பின்வாங்கியபடி பந்தைப் பார்த்தான். மட்டையைக் கொண்டுவர அவனுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அவன் கொண்டுவரவில்லை. கையை இழுத்துக்கொண்டு நின்றான். பந்து மேசையின் கடைசியில் பட்டு அவன் நெஞ்சை ஊடுருவிப் போனது.

தொலைக்காட்சியில் முடிவு எழுந்தது. நிலோஜன் அது முழுவதும் வந்து முடியும்வரை நின்றுவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினான். அவளிடம் வந்து கையை நீட்டினான்.

"வெளியில போகும் எண்டுதான் விட்டன் அக்கா. உங்கட அந்தப் பந்து எப்பவும் வெளியிலதானே போறது."

"போன மாசமெண்டாப் போயிருக்கும்," என்றாள் பேர்னிஸ், அவனுடைய கையைப் பிடித்தபடி. "மற்றது, நீ நல்லா ஆடினாய். கடைசிவரைக்கும் ஆடினாய்."

அவன் தலையை ஆட்டினான். ஆனால் உடனே வீட்டுக்குப் போகவில்லை. பிரட்லியிடம் மட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சுவரோரம் இருந்த மேசைப் பக்கம் போனான்.

பஹ்மி றவுட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான், "அப்ப நாலாவது ஆள் நீங்கதான். முதல் போட்டி அடுத்த ஞாயிறு. நாலாவதாப் போடுறன். அதுக்குள்ள மத்த மூணு பேரும் வெண்டிட்டா உங்களுக்குச் சும்மா இரிக்கலாம்."

"சும்மா இருக்கவா இவ்வளவு பாடும் பட்டனான்?" பேர்னிஸ் ஹெட்செட்டின் வியர்வையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "என்னை முதலாவதாப் போடு."

"முதலாவதா வாறது அவங்கட பெரிய ஆளா இரிக்கும் அக்கா."

"இருக்கட்டும். போடு."

பஹ்மி கைத்தொலைபேசியை எடுத்து அணியின் பெயரைத் தட்டினான். அதன் கீழே முதல் வரியில் அவளுடைய பெயரை எழுதினான்.